போதும் என்ற பிறகு

பந்தியில் உட்கார்ந்தவர் இலையின் மேல் கையை விரித்துப் "போதும்" என்கிறார். பரிமாறுகிறவர் விரல் இடுக்கு வழியே இன்னும் ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்கிறார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. கல்யாண வீட்டிலும், தீபாவளி பொங்கல் நாட்களிலும், கோயில் திருவிழாச் சாப்பாட்டிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் உபசாரம். வற்புறுத்தாத வீட்டைப் பற்றி "சரியாகக் கவனிக்கவே இல்லை" என்று ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்கிறோம். ஆனால் இந்தச் சின்னச் செயலுக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. விருந்தாளி போதும் என்ற பிறகு இலையில் விழுகிற அந்த ஒரு கரண்டி யாருக்காக விழுகிறது? பண்டிகை நாளில் உடம்பைக் காத்துக்கொள்வது உண்பவரின் தனிப்பொறுப்பா, இடுபவருக்கும் அதில் பங்கு உண்டா? பண்டிகைக்கு முந்தைய வாரம் மருத்துவர்களும் பத்திரிகைகளும் சொல்லும் யோசனைகள் எல்லாம் உண்பவரை நோக்கியே வருகின்றன: அளவாகச் சாப்பிடுங்கள், இனிப்பைக் குறையுங்கள், நாவை அடக்குங்கள். யோசனைகளில் தப்பில்லை, அவை போய்ச் சேரும் ஆள்தான் தப்பு என்பது என் வாதம். அளவு என்பது விருந்தோம்பலுக்கு வெளியிலிருந்து மருத்துவர் கொண்டுவந்து வைக்கும் கட்டுப்பாடு அல்ல, அந்த அறத்தின் ஒரு பகுதியே அது. அதைக் காக்கும் கடமை முதலில் இடுபவருடையது.

இந்த வற்புறுத்தல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறந்த காலத்தில் அது சரியாகவே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு நெல்லுச்சோறு பல வீடுகளில் நாள்கிழமைக்கு மட்டும் பொங்கிய சோறு. மற்ற நாட்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச்சோறும். இட்லி என்றால் தீபாவளிக்கு என்று இருந்த குடும்பங்கள் ஏராளம். 1967 தேர்தலில் ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதை நினைத்தாலே அரிசி எப்படிப்பட்ட ஏக்கமாக இருந்தது என்று புரியும். அந்தக் காலத்து விருந்தாளி "போதும்" என்று சொன்னால் அது பெரும்பாலும் கூச்சம். பானையில் இருப்பு எவ்வளவு, தனக்குப் பின்னால் சாப்பிட வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அரை வயிற்றோடு எழுந்துகொள்ளப் பார்ப்பார். அவர் மானம் கெடாமல் வயிற்றை நிரப்புவதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் அந்த இன்னொரு கரண்டி. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட அழகான காரியங்களில் அதுவும் ஒன்று. இன்று நிலைமை மாறிவிட்டது. 2011 முதல் ரேஷன் கடை அரிசிக்கு விலையில்லை. இனிப்புக் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது, பிறந்தநாள் கேக்குக்கு நாள்கிழமை தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு நோய். பெரியவர்கள் 200 பேர் உட்காரும் பந்தியில் சராசரியாக 28 பேர் என்று ஆகிறது. இன்றைக்குக் கையை விரித்துப் போதும் என்பவர், தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்கிறார். நாம் அதைப் பழைய காலத்துக் கூச்சமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திருக்குறளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். இரண்டையும் சேர்த்து யாரும் படிப்பதில்லை, ஏனென்றால் ஒன்று அறத்துப்பாலில் இருக்கிறது, மற்றது பொருட்பாலில். மருந்து என்ற தலைப்பைக் கண்டு மூலிகைப் பெயர்களைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார், ஒரு வேர், ஓர் இலை, ஒரு சூரணம்கூட அங்கே கிடையாது. பத்துக் குறளில் ஆறு, உண்பதைப் பற்றியே பேசுகின்றன: முன்பு உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பின் உண், ஒவ்வாததைத் தவிர், வயிற்றுத் தீயின் அளவை மீறினால் நோய்க்கு அளவிருக்காது. வைத்தியர் கடைசி மூன்று குறளில்தான் வந்து சேர்கிறார். ஒத்துக்கொள்ளும் உணவையே கூட மறுத்து உண்ணச் சொல்லும் ஒரு குறளுக்கு உரையாசிரியர் பரிமேலழகர் தரும் விளக்கம் நம் கேள்விக்கு நேராக வருகிறது. மனம் வேண்டிய அளவுக்கு உண்ணாமல் நோய் வராத அளவுக்கு உண்பதே அந்த மறுத்தல் என்கிறார் அவர். இந்த அதிகாரம் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. இன்று வழக்கத்தில் உள்ள பகுப்பின்படி அது நட்பியலில், கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் அடுத்து வருகிறது. மூன்றும் தனியாக இருந்து கெட்டுப்போகிற காரியங்கள் அல்ல, கூட்டாளிகள் நடுவில் "இன்னும் ஒன்று" என்று சொல்லிச் சொல்லி வளர்கிறவை. அடுக்கியவர் இதை நினைத்துத்தான் அடுக்கினாரா என்று நிறுவ முடியாது. ஆனால் மிகுதியாக உண்பதில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பங்குண்டு என்று படிக்க அந்த வரிசை இடம்கொடுக்கிறது.

விருந்தோம்பல் அதிகாரத்துக்கு வருவோம். விருந்தாளி வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது சாவா மருந்தானாலும் ஆகாது என்கிறது, விருந்துக்கு இட்டு மிச்சத்தை உண்பவனைப் புகழ்கிறது, முகம் மலர்ந்து வரவேற்பவன் வீட்டில் திருமகள் தங்குவாள் என்கிறது. அதிகாரம் முடியும் இடத்தில் அனிச்சப்பூ வருகிறது. முகர்ந்தால் வாடும் பூவைப் போல, முகம் மாறிப் பார்த்தாலே விருந்தாளி வாடிவிடுவார் என்பது கருத்து. பத்துக் குறளிலும் எத்தனை வகை சமைத்தார்கள் என்பதோ எத்தனை முறை பரிமாறினார்கள் என்பதோ இல்லை. சாப்பாடு வேண்டும், அது சொல்லாமலே தெரிகிறது. ஆனால் விருந்து வெற்றியா தோல்வியா என்று தீர்மானிக்கும் இடம் முகமாக இருக்கிறது. இடுபவர் இலையைப் பார்த்து இட்டால் காலியாகத் தெரியும் இடத்தையெல்லாம் நிரப்பத் தோன்றும். முகத்தைப் பார்த்து இட்டால் "போதும்" என்பது கூச்சமா உண்மையா என்று ஒரு நொடியில் விளங்கிவிடும். அந்த ஒரு நொடியைச் செலவழிப்பதைத்தான் வள்ளுவர் விருந்தோம்பல் என்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக வேதத்தின் ஒரு பகுதியையே காட்டலாம். தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி, அன்னத்தைப் பழிக்காதே, அன்னத்தை ஒதுக்காதே, அன்னத்தைப் பெருக்கு என்று மூன்று விரதங்களைச் சொல்கிறது. அப்படியானால் இலையில் விழுந்ததை வேண்டாம் என்பது அன்னத்தை அவமதிப்பது ஆகாதா? வீட்டுப் பெரியவர்கள் சோற்றைத் தள்ளாதே என்று சொல்வதற்குப் பின்னால் இந்த உணர்வு இருக்கிறது, அதை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் அந்தப் பகுதியைத் தொடர்ந்து படித்தால் அடுத்த விரதம் என்ன என்று தெரியும்: தங்க இடம் கேட்டு வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே. அன்னத்தைப் பெருக்கச் சொன்னது எதற்கு என்று அங்கே விளங்குகிறது. வாசலுக்கு வரும் யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் இருப்பதற்காக. பெருக்க வேண்டிய இடம் வீட்டுக் களஞ்சியம், ஒருவருடைய வயிறு அல்ல. அதே உபநிடதத்தின் முந்தைய வல்லியில் இன்னொரு பேச்சு இருக்கிறது, அதை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. அன்னத்தை உயிர்கள் உண்கின்றன, அன்னமும் உயிர்களை உண்கிறது என்கிறது அது. சர்க்கரை ஏறிக் காலில் உணர்வு மங்கி, கண் பார்வை குறைந்து, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் வரை போன ஒருவரைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது பாதிக்கு உரை தேவைப்படாது. அன்னத்தைத் தெய்வமாக மதித்த அதே நூல், அதற்கு உண்ணும் வாயும் உண்டு என்று தெரிந்தே வைத்திருக்கிறது.

இடுபவருக்குப் பொறுப்பு உண்டு என்பதை மிகத் தெளிவாக, சட்டம் போலவே எழுதி வைத்தவர்கள் பௌத்தர்கள். பிக்குகளுக்கான ஒழுங்கு நூலான விநயத்தில் பாசித்தியம் என்ற பிரிவில் அடுத்தடுத்து இரண்டு விதிகள் உண்டு. சாப்பிட்டு முடித்து, மேலும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிக்கு மறுபடி உண்டால் குற்றம் என்பது 35-ஆவது. அப்படி முடித்துவிட்ட பிக்குவிடம் அவரைத் தவறவைக்கும் எண்ணத்தோடு சாப்பாட்டை நீட்டி வற்புறுத்தி உண்ண வைத்தால், வற்புறுத்தியவருக்குக் குற்றம் என்பது 36-ஆவது. இது விதியாக வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். சாவத்திக்குப் போகும் வழியில் ஒரு பிக்கு நடத்தை தவற, கூட வந்தவர் கண்டிக்கிறார். கண்டிக்கப்பட்டவருக்கு மனதில் வன்மம். சாவத்தியில் கண்டித்தவர் ஒருநாள் சாப்பிட்டு முடித்திருக்க, மற்றவர் நல்ல சாப்பாடு கொண்டுவந்து சாப்பிடுங்கள் என்கிறார். போதும், நிறைந்துவிட்டது என்று இவர் சொல்ல, நன்றாக இருக்கிறது சாப்பிடுங்கள் என்று மறுபடி வற்புறுத்தி உண்ணவைத்து, பிறகு நீ எனக்குப் புத்தி சொன்னாயே என்று குத்திக்காட்டுகிறார். நம் வீட்டுப் பந்தியில் யாருக்கும் இப்படிப்பட்ட வன்மம் கிடையாது, வற்புறுத்துவது அன்பால்தான். அந்த விதியை அப்படியே எடுத்து அத்தையின் மேல் வைத்தால் அநியாயம். ஆனால் விதிக்குள் இருக்கும் கண்டுபிடிப்பு நமக்கு வேண்டும். ஒருவர் தன் எல்லையைச் சொன்ன பிறகு அதைத் தாண்ட வைத்தவரும் கணக்கில் வருகிறார், உண்டது உன் கை, உன் வாய், எனக்கென்ன என்று ஒதுங்க முடியாது. எண்ணம் நல்லதாக இருக்கும்போது குற்றம் குறையும், சம்பந்தம் போய்விடாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியப்பாவிடம் "ஒரு நாள்தானே, மாத்திரை ஒன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று மைசூர்பாகை நீட்டுகிற கைக்கும் அன்று ராத்திரி அவர் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் உண்டு.

இதே மரபில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் இருக்கிறது, சங்யுத்த நிகாயத்தில். கோசல மன்னன் பசேனதி ஒரு வேளைக்கு ஒரு துரோணம் அரிசிச்சோறும் அதற்கேற்ற கறிகளும் உண்பவன். அப்படி உண்டுவிட்டு மூச்சு வாங்க புத்தரிடம் வந்து உட்கார்ந்தான். புத்தர் அவனைத் திட்டவில்லை, சாப்பாட்டையும் குறை சொல்லவில்லை. கவனத்தோடு இருந்து உணவின் அளவை அறிபவனுக்கு வேதனை குறையும், முதுமை மெதுவாக வரும் என்ற பொருளில் ஒரு செய்யுள் சொன்னார், அவ்வளவுதான். மன்னன் தன் பின்னால் நின்ற சுதஸ்ஸன் என்ற இளைஞனிடம் அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, தான் உண்ணும் வேளையில் எல்லாம் சொல்லிக்காட்டச் சொன்னான். அதற்குத் தினம் நூறு காசு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நாழி அளவுக்கு வந்துவிட்டான் என்றும், உடம்பு இலேசானதும் கையால் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் புத்தர் எனக்கு இரங்கினார் என்று சொன்னான் என்றும் கதை முடிகிறது. நாட்டுக்கே அரசன், அவனால் தனியாகத் தன் நாவை அடக்க முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளும் அறிவு அவனுக்கு இருந்தது, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டான். தன்னடக்கம் என்பது ஒருவர் மனத்துக்குள் மட்டும் நடக்கும் போராட்டம் என்று நினைப்பதே தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சாப்பிடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து அது வளர்கிறது அல்லது தேய்கிறது. நம் பந்திகளில் பின்னால் நிற்பவர் இன்னும் கொஞ்சம் என்று மட்டும் சொல்கிறார்.

பண்டிகை என்றாலே அளவை மீறுவதுதான், அன்றும் அளவு பார்த்தால் அது பண்டிகையா என்று கேட்பவர்கள் உண்டு. கனமான கேள்வி. மற்ற நாளின் கணக்கு அன்றைக்குச் செல்லாது என்பதில்தான் பண்டிகையின் சந்தோஷம் இருக்கிறது. பொங்கல் பானை பொங்கி வழிந்தாக வேண்டும், விளிம்போடு நின்றுவிட்டால் யாருக்கும் திருப்தி இருக்காது. ஆனால் அந்த வழிதல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது அடுப்பில், மண்ணில், சூரியனுக்கு முன்னால் வழிகிறது. வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் குலவையிடுகிறார்கள். நம் விழாக்களில் மிகுதி என்பது விளக்கின் வரிசையில், கோலத்தின் அகலத்தில், மேளத்தில், அலங்காரத்தில், கொடுப்பதில் இருந்தது. திருப்பாவையின் கட்டமைப்பைப் பாருங்கள். இரண்டாம் பாசுரத்திலேயே நெய்யும் பாலும் வேண்டாம் என்று பெண்கள் விட்டுவிடுகிறார்கள். 27-ஆம் பாசுரத்தில்தான் பால்சோறும், அதை மூடி முழங்கை வழியே ஒழுகும் நெய்யும் வருகின்றன. நெய்க்கு அங்கே ஒரு தயக்கமும் கிடையாது, தாராளமாக ஒழுகுகிறது. ஆனால் அந்த ஒரு நாள் நெய்க்குப் பின்னால் நோன்பு நாட்கள் நிற்கின்றன, அந்தப் பாசுரத்தின் உச்சமும் எல்லோரும் கூடி இருந்து உள்ளம் குளிர்வதில் இருக்கிறது. நோன்பை நாம் கைவிட்டுவிட்டோம், அந்தப் பாசுரத்தின் நாளான கூடாரவல்லியை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறகு மார்கழி முழுவதையுமே கூடாரவல்லி ஆக்கிவிட்டோம்.

தீபாவளியும் அப்படித்தான். கங்கா ஸ்நானம் ஆனதும் வெறும் வயிற்றில் முதலில் கைக்கு வருவது அதிரசம் அல்ல, நெல்லிக்காயளவு லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குவது. கறுத்த நிறம், தொண்டையில் இறங்கும்போது எரியும். பண்டிகையை மருந்தில் தொடங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு அன்று என்ன நடக்கப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும், ஆறு நாள். ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும். நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல். ஆடியில் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ். நாட்காட்டியே உண்பதையும் விடுவதையும் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தது. ஆகவே பண்டிகையில் அளவு பேசுவது பண்டிகைக்கு அந்நியமான பேச்சு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லேகியத்தைக் கடையில் டப்பாவாக வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாய் தொட்டுக்கொண்டு, சஷ்டியை வெறும் பாட்டாகக் கேட்டுவிட்டு, இனிப்பு டப்பாக்களை மட்டும் கார்த்திகை வரை தொடர்வதுதான் புதிய வழக்கம்.

பிரசாதத்தை மறுக்கலாமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கோயிலில் தீர்த்தம் உள்ளங்கையில் ஓர் உத்தரணி. சர்க்கரைப் பொங்கல் ஒரு தொன்னை. ஒரு துளி துளசித் தீர்த்தமும் முழுப் பிரசாதம்தான். ஒரு விரல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் இட்டால் அருளில் ஏதும் குறையாது. அளவு கூடக்கூடப் புண்ணியம் கூடும் என்று எந்தச் சைவ, வைணவப் பெரியவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மறுக்காமல் இருப்பதற்கும் வயிறு நிறைய வாங்குவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, பக்தர்கள் காலம்காலமாக அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு மிகவும் சங்கடம் தருவது கிறித்தவத் துறவிகளிடமிருந்து வரும் ஒரு சான்று. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்துப் பாலைவனத் துறவிகளைப் பற்றி ஜான் கேசியன் எழுதினார். அவர் காட்டும் முதியவர்கள் நோன்பில் கடுமையானவர்கள், ஆனால் விருந்தாளி வந்தால் நோன்பை விட்டுவிட்டுக் கூட உட்கார்ந்து உண்கிறார்கள். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கும், நீங்கள் இருக்கமாட்டீர்களே என்பது அவர்கள் சொல்லும் காரணம். இன்னொரு முதியவர் கேசியனை இன்னும் கொஞ்சம் உண்ணச் சொல்லி வற்புறுத்தவே செய்கிறார். முடியாது என்றதற்கு, இன்று வந்த ஆறு பேருக்குத் தனித்தனியே மேசை போட்டு ஒவ்வொருவரோடும் உண்டேன், எனக்கு இன்னும் பசிக்கிறது, முதல் தடவை உண்ணும் உங்களால் முடியாதா என்கிறார். துறவியே வற்புறுத்தும்போது வற்புறுத்தல் எப்படித் தவறாகும்? இதில் கவனிக்க வேண்டியது அவருடைய பசி. ஆறு பேரோடு ஆறு முறை உட்கார்ந்த பிறகும் ஒருவருக்குப் பசி இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் அவர் எடுத்துக்கொண்டது என்ன? ஓரிரு வாய்தான். கூட உட்காரும் கடமையையும் அளவையும் அவர் ஒருசேரக் காத்திருக்கிறார். அவரிடமிருந்து கற்க வேண்டியது இன்று பண்டிகை நாளில் நான்கு வீடு ஏறி இறங்க வேண்டியவர்களுக்கு உடனே உதவும். எந்த வீட்டிலும் உட்காராமல் வரக்கூடாது, எந்த வீட்டிலும் வயிற்றை நிரப்பிக்கொள்ளவும் தேவையில்லை.

உண்பவரிடமும் ஒரு குற்றம் வரலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அளவைப் பற்றி ஓயாமல் பேசி விருந்தைக் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டையும் பார்த்து இதில் எவ்வளவு கலோரி தெரியுமா என்பது, தனக்கென்று தனியாக எண்ணெய் இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்வது, பக்கத்து இலைக்காரர் வடையைக் கடிக்கும்போது கொழுப்பைப் பற்றி விளக்குவது. பெருந்தீனியை விளக்க வந்த போப் கிரகோரி, யோபு நூலுக்கு எழுதிய உரையில் அதன் ஐந்து வடிவங்களைச் சொன்னார். நேரத்துக்கு முன் உண்பது, விலை உயர்ந்ததைத் தேடுவது, அதிகமாக உண்பது, ஆவலோடு விழுங்குவது, இவற்றோடு, தன் உணவு இப்படித்தான் பக்குவமாக இருக்க வேண்டும் என்று அளவு மீறிப் பார்ப்பது. கடைசியில் உள்ளதை நாம் கவனிக்க வேண்டும். குறைவாக உண்பவரும் தன் வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தால் அவரும் அந்த வலையில்தான். கீதையும் மிக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறது. நபிகள் நாயகம் வயிற்றை மூன்று பங்காக்கி உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் விடச் சொன்னதாக நபிமொழி உண்டு, சமணர் வயிறு நிறையாமல் நிறுத்துவதையே ஒரு தவமாக வைத்தார்கள். பந்தியில் உட்கார்ந்து பிறர் இலையைக் கணக்கெடுக்கும்படி இவர்களில் யாரும் சொல்லவில்லை. தன் அளவைக் காப்பவர் சத்தமில்லாமல் காக்க வேண்டும். இடுபவர் ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொண்டால் அவருக்கும் சத்தம்போட வேண்டிய அவசியம் வராது.

பசித்தவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயம். வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் வயிறார உண்பவர்கள் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர்களுக்கும், கோயில் அன்னதான வரிசையில் காலையிலிருந்து நிற்கும் முதியவர்களுக்கும் அளவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கக் கூடாது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. அங்கே வருபவர் யாரென்று கேட்பதில்லை, பசி என்று வந்தால் போதும். அதே வள்ளலார்தான் நித்திய கரும விதியில் எப்படி உண்ண வேண்டும் என்பதையும் எழுதினார். பசி தீர்ப்பதும் அளவோடு உண்பதும் அவருக்கு ஒரே ஜீவகாருண்யத்தின் இரண்டு வேலைகள். முகத்தைப் பார்த்து இடுவது என்ற ஒரே விதி பசித்தவர் முன்னால் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் என்று சொல்லவைக்கும், சர்க்கரை நோயாளி முன்னால் நிற்கும்போது கரண்டியை நிறுத்தவைக்கும். இன்னும் சொன்னால், போதும் என்றவர் இலையில் திணித்து குப்பைக்குப் போகும் சோறு வாசலில் நிற்பவருக்குப் போயிருக்க வேண்டியது. வீணாக்கக் கூடாது என்று உண்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குகிறோம், ஆனால் சோறு வீணாவது கேட்காமல் பரிமாறிய நொடியிலேயே முடிந்துவிடுகிறது. அதை வயிற்றுக்குள் தள்ளுவதால் யாருக்கும் அது மிச்சமாகப் போவதில்லை.

அந்த மிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பண்டிகைக்கு முந்தைய இரவு மாவு அரைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்து, எல்லோரும் உண்ட பிறகு மூன்று மணிக்கு உட்காரும் பெண்கள்தான் பெரும்பாலான வீடுகளில் அளவு மீறிய விருந்தின் விலையைக் கொடுக்கிறார்கள். பத்து வகை செய்தால்தான் மரியாதை என்று ஆன பிறகு அந்த வேலை அவர்கள் முதுகில்தான் ஏறுகிறது. மீந்த முறுக்கும் ஜாங்கிரியும் தூக்கிப் போட மனம் வராமல் அடுத்த பத்து நாள் மத்தியான வேளையில் அவர்கள் வாய்க்கே போகின்றன. விருந்தாளிக்கு இட்டு மிச்சத்தை உண்பவன் என்று குறள் போற்றியது குடும்பத் தலைவனை. நடைமுறையில் மிச்சத்தை உண்பவள் யார் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பண்டிகைப் பலகாரத்தை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம் என்று வீட்டு ஆண்கள் முதலில் சொன்னால், அதில் எத்தனை பேர் உடம்பு காக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக வரும் எதிர்ப்பு, வற்புறுத்தாவிட்டால் பாசம் எப்படித் தெரியும் என்பது. தெரியும். இனிப்பை முதலில் பெரிய கரண்டியில் வைத்துவிட்டுப் பிறகு கேட்பதற்குப் பதில், சிறியதாக வைத்துவிட்டு வேண்டுமா என்று ஒரு முறை கேட்கலாம். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் ஓரத்தில் தனித்தட்டு வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொடுக்காமல், சுண்டலும் கூட்டும் கீரையும் மோரும் எல்லோர் இலையிலும் தாராளமாக வரும்படி சமைக்கலாம். அப்போது எதை எடுத்தார், எதை விட்டார் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சாப்பிட்டு முடித்தவரை அவசரமாக எழுப்பி அடுத்த பந்தி போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பிள்ளைகளைப் பற்றி, ஊர் மழையைப் பற்றிக் கேட்கலாம். குழந்தைகள் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை நகர்த்தும் நாலு வயதுக் குழந்தையிடம் "பாட்டிக்காக ஒரு வாய்" என்று நாம் ஊட்டும்போது, தன் வயிறு சொல்வதைக் கேட்காதே, மற்றவர் முகத்தைப் பார்த்து உண் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஐம்பது வயதில் பந்தியில் கையை விரித்துப் போதும் என்று சொல்லிவிட்டு, பிறகு ஊற்றியதையும் குடித்துவிடுகிறவர் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்.